சில்லறைக்குப் பதில் மிட்டாய்: மணிலாவில் ஒரு பீசோ எங்கே போகிறது?

#1 பாசிக்_கரை

பிலிப்பைன்ஸில், மணிலா பெருநகரைச் சேர்ந்த பாசிக் நகரில் நான் குடியிருக்கும் சந்தின் முனையில் ஒரு சாரி-சாரி கடை இருக்கிறது. வீட்டின் முன் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, அதில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கடை. உள்ளே ஷாம்பு, காப்பி, சோயா சாஸ் எல்லாம் பொட்டலம் பொட்டலமாகச் சரம் தொங்கும். "பாபிலி போ" என்று குரல் கொடுத்தால் ஆத்தே வருவார். ஆத்தே என்றால் இங்கே அக்கா.

நேற்றுக் காலை இரண்டு முட்டையும் ஒரு காப்பிப் பொட்டலமும் வாங்கினேன். 28 பீசோ. மீதியில் இரண்டு பீசோவுக்கு இரண்டு மிட்டாயை நீட்டினார். "வாலாங் பார்யா" என்றார். சில்லறை இல்லையாம். இந்த மாதத்தில் மட்டும் இப்படிப் பதினொரு மிட்டாய் சேர்ந்துவிட்டது. தின்னாமல் மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்திருக்கிறேன், சாட்சியாக.

அத்தோடு தொலைந்தது என்றால், அடுத்த ஐந்தாவது நிமிடம் ஜீப்னி என்னும் பயணிகள் வண்டியில் ஏற வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் பத்துச் சொச்சம் பீசோ. ஓட்டுநரின் தலைக்கு மேல் "பார்யா லாங் போ சா உமாகா" என்று அட்டை தொங்குகிறது: காலை நேரத்தில் சில்லறை மட்டும். கடையில் சில்லறை இல்லை, வண்டியில் சில்லறைதான் வேண்டும், என் சட்டைப்பையில் மிட்டாய். இந்த ஊர்க்காரர்கள் இதை எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? நாணயமெல்லாம் எங்கேதான் போகிறது? இங்கே இருப்பவர்களும் இருந்துவிட்டுப் போனவர்களும் சொல்லுங்கள்.

#2 கணக்குப்புலி

சட்டம் உங்கள் பக்கம். 2016-இல் வந்த குடியரசுச் சட்டம் 10909 இதற்காகவே இயற்றப்பட்டது. மீதித் தொகை எவ்வளவு சிறியதானாலும் பணமாகத்தான் கொடுக்க வேண்டும். மிட்டாய் செல்லாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: "சில்லறை இல்லை, பரவாயில்லையா?" என்று வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்பதையே சட்டம் தடுக்கிறது. நீங்கள் பெருந்தன்மையாகத் தலையாட்டினாலும் குற்றம் குற்றம்தான்.

முதல் தடவை என்றால் 500 பீசோ அல்லது அன்றைய மொத்த விற்பனையில் 3 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். நான்காம் தடவை 25,000 பீசோவும் உரிமம் ரத்தும். வணிக, தொழில் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

இங்கே சட்டத்துக்குக் குறைவே இல்லை. நுகர்வோர் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, மாற்றித் தரப்படாது" என்று பலகை வைக்கக் கூடாது என்பதும் விதிதான். போன ஆண்டு மின்விசிறி ஒன்று வாங்கினேன். இரண்டாம் நாளே மூச்சை நிறுத்திவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அந்தப் பெண் பலகையைக் காட்டி "சாரி போ, மாம்சர்" என்றாள். (இங்கே ஆணா பெண்ணா என்றெல்லாம் பார்ப்பதில்லை, எல்லோரும் மாம்சர்.) அந்தப் பலகையையே கைப்பேசியில் படம் எடுத்தேன். அப்புறம்தான் மேலாளர் எழுந்து வந்தார். நாற்பது நிமிடத்தில் புது விசிறி.

#3 சும்மா_வந்தவன்

ஆத்தேயின் அன்றைய விற்பனையில் 3 விழுக்காடு என்றால் ஏழெட்டு முட்டை தேறும். வழக்குப் போட்டுவிடுங்கள்.

#4 கணக்குப்புலி

"எது அதிகமோ அது" என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரிக்கவும்.

#5 மாமியார்_கடை

என் மனைவி புலாக்கான் மாகாணத்துக்காரர். மாமியார் இருபது ஆண்டுகளாகச் சாரி-சாரி கடை வைத்திருக்கிறார். விடுமுறைக்குப் போனால் மருமகன்தான் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகையால் கம்பிவலைக்கு உட்பக்கமிருந்து பேசுகிறேன்.

காலை நாலரை மணிக்கு முதல் ஆள் வருவார். ஒரு காப்பிப் பொட்டலம், ஒரு சிகரெட். பெட்டி இல்லை, ஒற்றைச் சிகரெட். அடுத்து ஒரு சிறுமி எண்ணெய்க்கு வருவாள். விரல் நீளப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, முன்னாடியே வாளியில் வைத்திருப்போம். பூண்டு மூன்று பல் ஒரு பொட்டலம். மிளகு ஒரு சிட்டிகை. இந்த உதிரி வியாபாரத்துக்குத் திங்கி என்று பெயர். ஒன்றுக்கு ஒரு பீசோ, மிஞ்சினால் ஒன்றரைப் பீசோ லாபம். கல்லா என்று நான் பெருமையாகச் சொல்வது ஒரு பிஸ்கட் டின். விடியும்போது அதில் நூற்றைம்பது பீசோவுக்குச் சில்லறை கிடந்தால் அது நல்ல நாள்.

நாணயம் தீர்ந்தால் மாமியார் வங்கிக்குப் போவதில்லை. வரிசையில் நின்றால் கடையை யார் பார்ப்பது? அடுத்த தெருவில் பீசோ வைஃபை பெட்டி வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

மிட்டாய் கொடுப்பது சரி என்று நான் சொல்லவில்லை. மாமியாரும் கொடுப்பார், கொடுக்கும்போது முகம் கொஞ்சம் கோணும். ஒரே ஒரு கேள்விதான். பாசிக்_கரை, அந்த 28 பீசோவுக்கு நீங்கள் எந்த நோட்டைக் கொடுத்தீர்கள்?

#6 துரியன்_வாசம்

தாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். பீசோ வைஃபை என்றதும் ஒரு பழைய காயம் கிளறுகிறது.

தெரியாதவர்களுக்கு: சுவரில் ஒரு பெட்டி, அதில் நாணயத் துளை. ஒரு பீசோ போட்டால் சில நிமிடம் இணையம். உடற்கூறியல் தேர்வுக்கு முந்தைய இரவு எங்கள் விடுதி இணையம் படுத்துவிட்டது. அது மாதத்தில் பாதி நாள் படுத்தே கிடக்கும். கட்டண ரசீது மட்டும் ஒரு நாளும் படுக்காது. மழையில் குடை பிடித்துக்கொண்டு பெட்டியிடம் போய், இருந்த நாணயங்களைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தால் பணம் இடிக்கிறது. ஒரு பீசோ என்று நினைத்துப் போட்டதில் இரண்டு நாணயம் ஐந்து பீசோ! புதிய வரிசையில் இரண்டுக்கும் ஒரே வெள்ளி நிறம், ஒரே வட்டம், அளவில் மயிரிழை வித்தியாசம். ஊரே திட்டித் தீர்த்த பிறகு 2019 டிசம்பரில் ஐந்து பீசோவை ஒன்பது பக்கமாக மாற்றினார்கள். ஆனால் பழைய வட்டக்காசும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்காக.

நாணயம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். எங்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போகிறது. ஆறு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றில் ஐந்து பீசோவும் இருபது பீசோவுமாகப் போட்டுக்கொண்டே வருவார். அல்கன்ஸ்யா, அதாவது உண்டியல். டிசம்பரில்தான் கழுத்தை அறுப்பார். போன முறை அந்தப் பணத்தில் மகனுக்குக் காலணியும் நோச்செ புவேனா என்னும் கிறிஸ்துமஸ் முந்தைய இரவு விருந்துக்கு ஒரு பன்றித் தொடையும் வாங்கினார். எண்ணுவதற்கு நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம், விரலெல்லாம் கறுத்துவிட்டது.

மத்திய வங்கி சொல்வதும் இதுதான்: நாணயம் குறைவாக அச்சிடப்படவில்லை, வீடுகளில் தூங்குகிறது. 2023 ஜூனில் மணிலா வணிக வளாகங்களில் நாணயம் போடும் இயந்திரங்களை வைத்தார்கள். கொட்டினால் எண்ணி, கைப்பேசிப் பணப்பையில் ஏற்றிவிடும். இந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். "இயந்திரம் எண்ணினால் எனக்கு என்ன சந்தோஷம்?" என்று கேட்டார்.

#7 கணக்குப்புலி

மாமியார்_கடை, உங்கள் மாமியார்மேல் எனக்குக் கோபம் இல்லை. திங்கிமேல்தான் கோபம். மூன்று பல் பூண்டு வாங்குபவர் கிலோக் கணக்கில் பார்த்தால் என்ன விலை கொடுக்கிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. கையில் காசு குறைய இருப்பவன்தான் இந்த நாட்டில் கூடுதல் விலை கொடுக்கிறான். போதாததற்கு அந்தப் பொட்டல உறைகள். நாளொன்றுக்குச் சுமார் 16.4 கோடி உறைகள் என்று காயா என்ற சுற்றுச்சூழல் கூட்டமைப்பு 2019-இல் கணக்குச் சொன்னது. மழை வந்தால் அவ்வளவும் சாக்கடை வாயை அடைத்துக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறது.

#8 மாமியார்_கடை

பூண்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஷாம்புவில் மட்டும் பல நேரம் பொட்டலம்தான் பாட்டிலைவிட மலிவாக வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்னொரு இரவும் தூக்கம் போகும்.

ஆனால் ஐயா, மணிலா பெருநகரில் 2025 ஜூலையில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 695 பீசோ. மாகாணத்தில் அதைவிடக் குறைவு. சம்பளம் பதினைந்தாம் தேதி ஒரு பாதி, முப்பதாம் தேதி ஒரு பாதி. பன்னிரண்டு, பதின்மூன்று, இருபத்தேழு, இருபத்தெட்டு ஆகிய தேதிகளுக்கு இவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பெட்சா தே பெலிக்ரோ, அபாயத் தேதிகள். அந்த நாள்களில் கிலோ பூண்டு மலிவு என்று போய்ச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு வேண்டியது அன்றைய குழம்புக்கு மூன்று பல், அதுவும் கடனுக்கு.

கடையில் "இன்று கடன் இல்லை, நாளைக்கு உண்டு" என்றுதான் எழுதித் தொங்குகிறது. நம் ஊர்ப் பெட்டிக்கடையின் "இன்று ரொக்கம் நாளை கடன்" அப்படியே. அந்த அட்டைக்குப் பின்னால்தான் கடன் நோட்டு இருக்கும். பள்ளிக்கூட நோட்டு, பெயருக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் பெயருக்குப் பதிலாக "சிவப்பு கேட் பையன்" என்று எழுதியிருந்தது. அவன் குடிபெயர்ந்து மூன்று ஆண்டு ஆகிறதாம், 214 பீசோ பாக்கி. பக்கத்தைக் கிழிக்கவில்லையே என்று கேட்டேன். "வருவான்" என்றார்.

கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, பாசிக்_கரை.

#9 சும்மா_வந்தவன்

கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் மணிலாவில் இறங்கிய முதல் வாரம், தெருவில் ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். பைக்கில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வசூலிக்கும் "பும்பாய்" என்று நினைத்துவிட்டாராம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள், நான் மதுரை என்று விளக்கினேன். "மதுரையில் எவ்வளவு வட்டி?" என்று கேட்டார்.

#10 துபாய்க்_காகம்

மணிலாவில் ஆறு ஆண்டு இருந்துவிட்டு இப்போது துபாயில், மூன்று பிலிப்பினோக்களோடு ஒரே அறையில் இருக்கிறேன். நீங்கள் பீசோவைத் தேடுகிறீர்கள். நான் அங்கே இருந்தபோது ஊரே வெங்காயத்தைத் தேடியது. 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் சிவப்பு வெங்காயம் கிலோ 600, 700 பீசோ. இறைச்சியைவிட விலை. சந்தையில் எனக்கு வாடிக்கையான காய்கறிக்காரம்மா ஒருவர் (சுக்கி என்பார்கள், விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் சுக்கி) வெங்காயத்தை மட்டும் கூடையில் வைக்காமல் இடுப்புப் பையில் வைத்திருந்தார், பணத்தோடு பணமாக. அடுத்த மாதம் ரியாத், துபாய் விமானங்களில் வந்த விமானப் பணியாளர்கள் பத்துப் பேரின் பெட்டிகளில் வெங்காயமும் எலுமிச்சையும் பழமுமாக ஏறக்குறைய 40 கிலோவைச் சுங்கத்தார் பிடித்தார்கள். தங்கம் பிடித்த செய்தி படித்து வளர்ந்தவன் நான். அன்று காலை செய்தித்தாளை இரண்டு தடவை படித்தேன்.

இப்போது அறையின் மூலையில் ஒரு பெட்டி வாய் திறந்து நிற்கிறது. பாலிக்பாயன் பெட்டி, வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் ஊரிலிருக்கும் வீட்டுக்கு அனுப்புவது. ஆளுயரத்தில் பாதி இருக்கும். சம்பளம் வந்ததும் என் அறைத்தோழர் சோப்பு, பற்பசை, டின் மாட்டிறைச்சி, சாக்லேட் என்று வாங்கி வந்து அடுக்குவார். காலணிக்குள்ளே காலுறை, காலுறைக்குள்ளே சாக்லேட். காற்று போகவும் இடம் இருக்கக் கூடாது, கட்டணம் பெட்டிக்குத்தான், எடைக்கு இல்லை. கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும் என்பதால் அக்டோபருக்குள் மூட வேண்டும். போன ஆண்டு அவர் அனுப்பிய பெட்டி கிறிஸ்துமஸுக்குப் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை. சரக்கு நிறுவனத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது, சாக்லேட்டெல்லாம் வெளுத்து. அவருடைய மகள் வீடியோவில் அதைத் தின்றுகாட்டி "மாசாராப், பாப்பா" என்றாள். ருசியாக இருக்கிறது அப்பா என்கிறாள். மனிதர் ஒன்றும் பேசாமல் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். இந்த ஆண்டு வேறு நிறுவனம் பார்த்திருக்கிறார்.

#11 துரியன்_வாசம்

காகம் அண்ணா, காலையில் படித்திருக்கக் கூடாது. வகுப்புக்குப் போகிறேன்.

#12 பாசிக்_கரை

அரிசி பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரப் பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. 2022 தேர்தலில் வென்று அதிபரான மார்கோஸ், பிரசாரத்தின்போது கிலோ 20 பீசோவுக்கு அரிசி என்று பேசியதைக் கேட்டவர். அதன் பிறகு விலை ஏறியதுதான் மிச்சம். 2023 செப்டம்பரில் அரசாங்கம் 41, 45 என்று உச்சவரம்பு போட்டது. ஒரு மாதத்தில் எடுத்தும்விட்டது. பாட்டி ஒவ்வொரு தடவை அரிசி வாங்கி வரும்போதும் "இது எத்தனையாவது இருபது?" என்று கேட்பார்.

2025 மே மாதம் செபுவில் இருபது பீசோ அரிசி தொடங்கியது. பிறகு இந்தப் பக்கமும் காடிவா என்னும் அரசுக் கடைகளில் வந்தது; முதியவர், மாற்றுத்திறனாளி, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என்று குறிப்பிட்ட சிலருக்கு. பாட்டி அடையாள அட்டையோடு விடியற்காலையில் கிளம்பினார், நான் துணைக்கு. பிளாஸ்டிக் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டார். வரிசையில் மூன்று மணி நேரம். முன்னால் நின்ற தாத்தா தன் இடத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போய்க் காப்பி குடித்து வந்தார். செருப்பும் வரிசையில் நகர்ந்துகொண்டே இருந்தது, எல்லோரும் காலால் தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் பார்த்து, மோந்து பார்த்து, இரண்டு அரிசியைக் கடித்துப் பார்த்தார். பழைய அரசு அரிசியில் வண்டு இருக்கும் என்ற பயம். வடித்து முடித்து, ஒரு வாய் உண்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாயிருக்கிறது. ஆனால் 2022-இல் சொன்னதை 2025-இல் கொடுத்தால் வட்டியோடு அல்லவா கொடுக்க வேண்டும்?"

#13 கணக்குப்புலி

அரிசியைத் தொட்டால் இந்த நாட்டில் யாருக்கும் மன்னிப்பு இல்லை. 2017-இல் சிந்தியா வில்லார் என்ற செனட்டர், உணவகங்களில் அளவில்லாமல் சோறு போடுவதைத் தடை செய்யலாமா என்றார். சர்க்கரை நோயை நினைத்துத்தான் சொன்னார். ஊரே எழுந்துவிட்டது, அடுத்த நாளே இறங்கி வந்தார்.

பாட்டியிடம் சொல்லுங்கள்: முதியோருக்கு மருந்திலும் உணவகத்திலும் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு, மளிகைக்கும் சிறு தள்ளுபடி உண்டு, 2024 மார்ச்சில் அதன் வார வரம்பை 65-இலிருந்து 125 பீசோவாக உயர்த்தியிருக்கிறார்கள்.

#14 பாசிக்_கரை

பாட்டிக்குத் தெரியும். 125 பீசோ என்று பால்கனிச் சுவரில் கரியால் எழுதியே வைத்திருக்கிறார்.

#15 மாமியார்_கடை

பத்து இடுகைகளுக்கு முன்னால் கேட்டதையும் எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன்.

#16 பாசிக்_கரை

சரி. ஆயிரம் பீசோ நோட்டு.

ஏடிஎம் இயந்திரம் ஆயிரமாகத்தான் துப்புகிறது, நான் என்ன செய்ய? காலை ஆறு மணிக்கு அதை உடைக்க ஆத்தே கடையைத் தவிர வேறு இடம் இல்லை. இரண்டு மிட்டாயும் 970 பீசோவும் கொடுத்தார். 970-ஐ எழுத மறந்துவிட்டேன்.

#17 சும்மா_வந்தவன்

மறந்துவிட்டாராம்.

#18 துரியன்_வாசம்

அண்ணா, அந்தப் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்ததே நீங்கள்தானா! மாதத்தில் எத்தனை ஆயிரம்?

#19 பாசிக்_கரை

எட்டு, ஒன்பது இருக்கலாம். இழுப்பறையில் இருக்கும் மிட்டாயைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

#20 கணக்குப்புலி

சட்டப்படி நீங்கள் எந்த நோட்டு கொடுத்தாலும் மீதி முழுதாக வர வேண்டும். ஆனாலும் இரண்டு முட்டைக்கு ஆயிரம் பீசோ நீட்டுகிறவர் பக்கம் நின்று வாதாட எனக்கு விருப்பம் இல்லை. சனிக்கிழமை நாணய இயந்திரம் இருக்கும் வளாகத்துக்குப் போங்கள். அங்கே உண்டியலோடு வரிசையில் நிற்பவர் யாரிடமாவது ஐந்நூறு பீசோ நோட்டைக் கொடுத்து நாணயமாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அவர்களுக்கும் வரிசை மிச்சம்.

#21 பாசிக்_கரை

செய்துவிட்டேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவளுடைய அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் தூக்க முடியாத ஒரு புட்டி. ஐந்நூறு பீசோவை வாங்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பத்துப் பத்தாக அடுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் எனக்கு ஒரு பீசோ கூடுதலாகப் போய்விட்டதோ என்று இரண்டாம் முறையும் எண்ணினாள். சரியாக இருந்தது. எதற்குச் சேர்க்கிறாய் என்றேன். கணினி வாங்கவாம். பழையது, யாரோ விற்கிறார்களாம்.

இன்று காலை ஆத்தே கடையில் இரண்டு முட்டை, ஒரு காப்பிப் பொட்டலம். 28 பீசோவை எண்ணிக் கம்பிவலை ஓட்டை வழியே வைத்தேன். ஆத்தே நாணயங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டின்னில் போட்டார். பிறகு ஜாடியைத் திறந்து ஒரு மிட்டாய் எடுத்து நீட்டினார். மீதி எதுவும் இல்லையே என்றேன். "லிப்ரே" என்றார். இலவசம்.

#22 சும்மா_வந்தவன்

பன்னிரண்டு.